கற்ற கையும் உற்ற தொழிலும்

பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாளில் தமிழகத்து இல்லங்கள் பலவற்றில் ஒரே வினா எழுகின்றது. ‘இனி என்ன படிப்பது?’ என்பதே அவ்வினா. மதிப்பெண் மிகுதியாகப் பெற்ற மாணவன் இல்லத்தில் அது மகிழ்ச்சியோடு எழுகின்றது. குறைவாகப் பெற்றவன் இல்லத்தில் கவலையோடு எழுகின்றது. மதிப்பெண் பெற்றும் கையிற் பொருள் இல்லாதவன் இல்லத்திலோ அது பெருமூச்சாக வெளிப்படுகின்றது. தந்தை, தமக்குள்ள சிறு நிலத்தை ஈடு வைக்கலாமா என்று எண்ணுகின்றார். தாய், தன் காதிலுள்ள தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கின்றாள். எவ்வாறேனும் மகன் ஒரு பட்டம் பெற்றுவிட்டால் குடும்பம் தலை நிமிர்ந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்நம்பிக்கை முழுதும் பிழையன்று. நோய் தீர்க்கும் மருத்துவர்க்கும், வழக்குரைக்கும் வழக்கறிஞர்க்கும், கல்லூரியிற் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பட்டம் இன்றியமையாதது. நூல்களில் ஆழ்ந்து செல்லும் விருப்பமும் அதற்கேற்ற வாய்ப்பும் உடையவர் பல்கலைக்கழகக் கல்வியை நாடுதலே முறை. ஆயினும், பட்டம் வேறு, திறமை வேறு. எத்துறையிலும் நாட்டமின்றி, அயலார் சென்றனர் என்பதற்காகவே கல்லூரிக்குச் சென்று, ஏதோ ஒரு பட்டத்தைப் பெற்றுத் திரும்பும் இளைஞர் பலர். அவர்களிடம் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் கேட்கும் வினா ஒன்றே: ‘உனக்கு என்ன செய்யத் தெரியும்?’ அதற்கு விடை கூற இயலாமல் அவர்கள் நிற்கும்போது, நிலத்தின்மேல் வாங்கிய கடன் மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே, தேர்வு முடிவு வெளிவந்த நாளில் எழும் வினாவைச் சற்றே மாற்றிக் கேட்பது நன்று. ‘எந்தப் பட்டம் பெறுவது?’ என்பதற்கு முன்னர், ‘எந்தத் தொழிலைச் செம்மையாகக் கற்பது?’ என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்பவர் கண்ணுக்குக் கல்லூரிப் படிக்கட்டைத் தவிர வேறு சில படிக்கட்டுகளும் புலனாகும்.

பழந்தமிழர் கண்ட தொழில்

தொழிலைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் தமிழர்க்குத் தொன்றுதொட்டு வந்ததன்று. சோழ மன்னனது அழகிய மண்டபம் ஒன்றைப் பற்றி மணிமேகலை கூறுகின்றது. மகத நாட்டு மணிவேலைக்காரரும், மராட்டத்துக் கம்மியரும், அவந்தி நாட்டுக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ்நாட்டுத் தொழில் வல்லாரோடு கூடி அதனை அமைத்தனர் என்று அந்நூல் பெருமிதத்தோடு உரைக்கின்றது. மன்னன் புகழைப் பாடவந்த புலவர், அம்மன்னனது மண்டபத்தைச் சமைத்த கைகளையும் மறவாமற் பாடினார். இன்றும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் மெழுகில் உருவஞ் செய்து, அதன்மேல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி நீக்கிவிட்டு, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்துச் செப்புத் திருமேனிகளை ஆக்குகின்றனர். இக்கலையை அவர்கள் வகுப்பறையிற் கற்றாரல்லர். மூத்தோர் அருகில் அமர்ந்து, கண்ணாற் கண்டு, கையாற் செய்து கற்றனர்.

ஆயினும், அப்பழைய முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. தச்சன் மகனே தச்சனாகவும், கொல்லன் மகனே கொல்லனாகவும் ஆயினான். பட்டறையின் கதவு பிறப்பினால் திறந்தது, பிறப்பினாலேயே மூடிக்கொண்டது. உழவன் மகனுக்கு இரும்பை உருக்கும் விருப்பம் இருப்பினும் கற்பிப்பார் இல்லை. பெண்களுக்கோ பெரும்பாலான பட்டறைகளில் இடமே இல்லை. யாவர்க்கும் பொதுவான தொழிற்பள்ளிகள் தோன்றிய பின்னரே இக்குறை நீங்கத் தொடங்கியது.

தொழிற்பயிற்சி நிலையங்கள்

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1950-ஆம் ஆண்டில், இந்திய அரசு தொழிலாளர் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் வழியாகத் தோன்றியவையே தொழிற்பயிற்சி நிலையங்கள். ஐ. டி. ஐ. என்று சுருக்கமாக வழங்கப்பெறுவன இவையே. எட்டாம் வகுப்பில் தேறியவர்க்கென்று சில தொழில்களும், பத்தாம் வகுப்பில் தேறியவர்க்கென்று சில தொழில்களும் இங்குக் கற்பிக்கப்படுகின்றன. பதினான்கு வயது நிறைந்த எவரும், எக்குலத்திற் பிறந்தவராயினும், சேரலாம். பெண்களும் சேரலாம், அவர்களுக்கெனத் தனி நிலையங்களும் உண்டு. தமிழ்நாட்டில் அரசினர் நிலையங்களிற் பயிற்சிக் கட்டணம் இல்லை என்பது ஏழை மாணவர்க்குப் பேருதவியாகும்.

உலோகத் துண்டுகளை அராவியும் அறுத்தும் துளையிட்டும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்பவர் பொருத்துநர். மக்கள் இவரைப் பிட்டர் என்பர். சுழலும் இரும்பை உளியாற் சீவி உருவாக்குபவர் கடைசலர், இவரே டர்னர். உலோகத்தை உருக்கி இணைப்பவர் பற்றவைப்பவர். இவர் வெல்டர் எனப்படுவார். மின்பணியாளர், மின்கம்பியாள், குழாய்ப் பணியாளர், வரைவாளர், வண்டிகளைப் பழுது பார்ப்பவர் எனத் தொழில்கள் மேலும் விரியும். பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர் முதலியோர்க்குப் பயிற்சி இரண்டு ஆண்டு. பற்றவைப்பவர், குழாய்ப் பணியாளர் முதலியோர்க்கு ஓராண்டு. பயிற்சியின் முடிவில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு நடைபெறும். அதில் தேறியவர் பெறும் தேசியத் தொழிற் சான்றிதழ் காசுமீரம் முதல் குமரிமுனை வரை செல்லும்.

கணக்கும் கைத்திறனும்

‘கணக்கு வராதவன் பட்டறைக்குப் போகட்டும்’ என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். பட்டறையின் உள்ளே நுழைந்து காணாதவர் கூற்று அது. கடைசலர் ஒருவர் செய்யும் வேலையைச் சற்று நோக்கினால் உண்மை விளங்கும்.

உழவரின் கிணற்றில் நீர் இறைக்கும் பொறி ஒன்று இருக்கின்றது. அதனுள்ளே சுழலும் எஃகுத் தண்டு, தன்னைத் தாங்கும் வளையத்தினுள் சரியாகப் பொருந்தியிருத்தல் வேண்டும். தண்டு சிறிது பருத்துவிட்டால் வளையத்தினுள் நுழையாது. சிறிது மெலிந்துவிட்டால் நுழையும், ஆனால் ஆடும். ஆடினால் அதிரும், அதிர்ந்தால் தேயும், தேய்ந்தால், பயிருக்கு நீர் மிகவும் வேண்டப்படும் கோடையிலே பொறி நின்றுவிடும். ‘சிறிது’ என்று இங்குக் கூறுவது எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கே. மக்களின் தலைமயிரினும் நுண்ணிய அளவு அது. கண்ணால் அதனைக் காண இயலாது. வெர்னியர் அளவியும் மைக்ரோமீட்டரும் கொண்டே அறிதல் வேண்டும். மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைக் காட்ட வல்லது. அக்கருவியைப் படிக்கத் தெரியாதவன் கடைசல் பொறியின் அருகில் நின்று பயன் இல்லை.

மற்றொன்று காண்க. தண்டின் ஒரு முனை 40 மில்லிமீட்டர் விட்டமும், மறுமுனை 30 மில்லிமீட்டர் விட்டமும் உடையதாய், 100 மில்லிமீட்டர் நீளத்திற்குச் சாய்வாகக் குறைந்து செல்லுதல் வேண்டும் என்று வரைபடம் கூறுகின்றது. உளியை எத்தனை பாகை திருப்பி வைப்பது? இரு விட்டங்களின் வேறுபாடு 10. அதனை நீளத்தின் இருமடங்காகிய 200-ஆல் வகுத்தால் 0.05 கிடைக்கும். இதற்குரிய கோணத்தை முக்கோணவியல் அட்டவணையிற் பார்த்தால் ஏறக்குறைய 2 பாகை 52 நிமிடம் என்று அறியலாம். பள்ளியில் ‘இது எதற்குப் பயன்படும்?’ என்று மாணவர் சலித்துக்கொண்ட அதே கணக்குத்தான், பட்டறையில் இரும்புக்கு உருக் கொடுக்கின்றது. இக்காலத்தில் கணினியால் இயங்கும் கடைசல் பொறிகள் பெருகிவிட்டன. அவற்றிற்கு எண்களாலும் எழுத்துகளாலும் கட்டளை எழுதித் தருபவரும் தொழிலாளரே. பொறி புதுமையடையுந்தோறும் தொழிலாளர்க்கு வேண்டிய அறிவு பெருகுகின்றதேயன்றிக் குறைவதில்லை.

நெருப்பிற் பிறக்கும் நம்பிக்கை

பற்றவைக்கும் தொழிலையும் எடுத்துக்கொள்ளலாம். திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965-ஆம் ஆண்டில் செக்கோசுலோவாக்கிய நாட்டின் உதவியோடு அமைந்தது. அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய மாபெருங் கொதிகலன்கள் அங்கு உருவாகின்றன. அத்தகைய கொதிகலன் ஒன்றில் எஃகுக் குழாய்கள் பல்லாயிரம். அவற்றினுள்ளே பாயும் நீராவி, காற்று மண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும், 500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமும் உடையது. குழாயும் குழாயும் கூடும் இடந்தோறும் ஒரு பற்றவைப்பு இருக்கும். அவற்றுள் ஒன்று பழுதாயினும் நீராவி பீறிட்டு வெளிப்படும்; மின் நிலையம் நிற்கும்; அருகில் நிற்பவர் உயிர்க்கும் கேடு நேரலாம்.

அப்பழுது எவ்வாறு நேர்கின்றது? பற்றவைக்கும்போது உருகிய உலோகத்தினுள் காற்றுக்குமிழ் தங்கிவிடலாம். கசடு சிறிது உள்ளே அடைபட்டுவிடலாம். இரு விளிம்புகளும் அடிவரை உருகிக் கலவாமல் மேலே மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். புறத்தே காண்பவர்க்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், ஊடுகதிர் கொண்டு படம் எடுத்தால் உள்ளிருக்கும் பழுது வெளிப்பட்டுவிடும். மருத்துவர் மனிதர் எலும்பைப் பார்ப்பதுபோல, தொழிற்சாலையார் இரும்பின் உள்ளத்தைப் பார்க்கின்றனர். இக்காரணத்தால், கொதிகலனின் அழுத்தந் தாங்கும் பகுதிகளைப் பற்றவைக்கும் உரிமை எல்லார்க்கும் கிடைப்பதில்லை. அதற்கெனத் தேர்வு எழுதி, தாம் பற்றவைத்த துண்டைச் சோதனைக்கு உட்படுத்தித் தேறியவர்க்கே கிடைக்கும். அச்சான்றும் குறித்த காலம் வரையிலேதான் செல்லும். மீண்டும் தம் திறமையைக் காட்டல் வேண்டும். திருச்சிராப்பள்ளியிலேயே 1975-ஆம் ஆண்டில் பற்றவைப்புத் தொழிலை ஆராய்வதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. ஆராய்ச்சிக்கு உரிய ஒரு துறையை வெறுங் கைவேலை என்று இகழ்வார், அதனை அறியாதவரே ஆவர்.

தொழிற்பழகுநர்

நீச்சலைக் கரையில் நின்று கற்க இயலாது. அதுபோலத் தொழிலையும் பயிற்சி நிலையத்தில் மட்டும் முழுதும் கற்றுவிட இயலாது. தொழிற்சாலையில் காலக்கெடு உண்டு. பொருள் வீணானால் இழப்பு உண்டு. பலரோடு கூடி உழைக்கும் கட்டுப்பாடு உண்டு. இவற்றை அங்கே சென்றுதான் பழகல் வேண்டும். இதன்பொருட்டு 1961-ஆம் ஆண்டில் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் குறிக்கும் தொழில் நிறுவனங்கள் இளைஞரைப் பழகுநராக ஏற்றுப் பயிற்சி அளித்தல் வேண்டும் என்பதும், பயிற்சிக் காலத்தில் அவர்க்கு உதவித்தொகை வழங்குதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கருத்தாகும். பிள்ளை படிப்பதற்குத் தந்தை பொருள் கொடுக்கும் நிலை மாறி, கற்கும்போதே பிள்ளை சிறிதளவு பொருள் ஈட்டும் நிலை இதனால் ஏற்பட்டது.

சென்னைப் பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற பெருநிலையங்கள் பழகுநர்களை ஏற்றுப் பயிற்றுவிக்கின்றன. பயிற்சி முடிந்தவுடன் அந்நிறுவனமே வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதனை மாணவரும் பெற்றோரும் முன்னரே அறிந்திருத்தல் நலம். ஆயினும், பழகிய கைக்குப் பிற இடங்களில் மதிப்பு உயர்கின்றது. இரயில்வேயில் துணை ஓட்டுநர் பணியையே சான்றாகக் கூறலாம். பத்தாம் வகுப்போடு, குறிப்பிட்ட சில தொழில்களில் பயிற்சிச் சான்றிதழோ பழகுநர் பயிற்சியோ பெற்றவர் அப்பணிக்குரிய தேர்வை எழுதலாம். விரைவு வண்டியைச் செலுத்திச் செல்லும் ஓட்டுநர் பலர் இவ்வழியில் வந்தவரே.

பட்டம் பெறாத அறிஞர்

பட்டம் பெறாமல் உயர்ந்தவர் என்றால் கல்வி பெறாமல் உயர்ந்தவர் என்று பொருளன்று. இவ்வேறுபாட்டை இருவர் வாழ்க்கை தெளிவாகக் காட்டும்.

இங்கிலாந்து நாட்டில் 1791-ஆம் ஆண்டில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் மைக்கேல் பாரடே. வறுமையால் பள்ளிப் படிப்பு விரைவில் முடிந்தது. பதினான்காம் வயதில் நூற்கட்டுவோர் ஒருவரிடம் பழகுநராக அமர்ந்து ஏழாண்டு உழைத்தார். பிறர் நூல்களைக் கட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. கட்ட வந்த நூல்களைப் படித்தார். அம்ப்ரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813-ஆம் ஆண்டில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இடம் கிடைத்தது. மின்னோட்டத்தைக் கொண்டு ஒரு கம்பியை இடைவிடாது சுழலச் செய்யலாம் என்று 1821-இல் காட்டியவர் அவரே. காந்தத்தைக் கொண்டு மின்சாரத்தைத் தோற்றுவிக்கலாம் என்று 1831-இல் கண்டவரும் அவரே. இன்று உலகில் சுழலும் மின்பொறிகள் அனைத்திற்கும் மூலம் அக்கண்டுபிடிப்புகளே.

அம்மின்பொறியைத் தமிழகத்தில் உருவாக்கிய பெருமை, பட்டம் பெறாத மற்றொருவரைச் சாரும். அவரே ஜி. டி. நாயுடு. கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டில் பிறந்த அவர், தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதுபோன்ற ஒன்றைத் தாமும் பெறுதல் வேண்டும் என்று துணிந்தார். கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பணியாளராக அமர்ந்து பொருள் சேர்த்து, அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊரைச் சுற்றி வந்து மகிழ்ந்ததோடு அமையவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீண்டும் ஒவ்வொன்றாகப் பூட்டி, அஃது இயங்கும் முறையை ஆராய்ந்தார். அதுவே அவர் படித்த கல்லூரி எனலாம்.

1920-ஆம் ஆண்டில் ஒரே பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் போக்குவரத்தைத் தொடங்கினார். நாளடைவில் அது பெரியதொரு நிறுவனமாக வளர்ந்தது. 1937-ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து அவர் உருவாக்கிய மின்பொறி, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்பொறி எனப் போற்றப்படுகின்றது. பாரடேயின் ஆய்வுக்கூடத்தில் சுழன்ற கம்பி, கொங்கு நாட்டுக் கிணறுகளில் நீர் இறைக்கும் பொறியாக மாறியது. கோவை நகரம் மின்பொறிகளுக்கும் நீரேற்றும் பொறிகளுக்கும் பெயர் பெற்ற நகரமாயிற்று. நாயுடு தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1945-ஆம் ஆண்டில் கோவையில் தொழிற்கல்வி நிலையம் நிறுவ முன்னின்றார். அதற்கு அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் சூட்டப்பட்டது. கோவையில் ஓரிடம் ஹோப் கல்லூரி என்று இன்றும் வழங்கப்படுவதற்குக் காரணம் அதுவே. பட்டம் பெறாதவர் பிறர் கற்பதற்குக் கல்லூரி அமைத்தார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

இவ்விருவரைப் போல யாவரும் ஆதல் அரிது. ஆனால், இவ்விருவரிடமும் அமைந்திருந்த ஒரு பழக்கம் யாவர்க்கும் எளிது. கையில் வந்த வேலையை, கூலி அளவோடு நிறுத்தாமல், அதன் காரணத்தையும் உசாவி அறிதலே அப்பழக்கம்.

அறிந்து புகுதல்

தொழிற்கல்வி மலர்ப் பாதையன்று. கடைசல் பொறியின் முன் நாள் முழுதும் நின்றே உழைத்தல் வேண்டும். பற்றவைப்பவர் வெயிற்காலத்திலும் தோலுறையும் முகக்கவசமும் அணிந்து நெருப்பின் அருகில் இருத்தல் வேண்டும். முகக்கவசத்தை ஒரு நொடி விலக்கினாலும் கண் எரியும். மின்பணியாளர் ஒருகணம் மறதியாக இருந்தால் உயிரே போய்விடும். ஆதலின், பாதுகாப்பு முறைகளைக் கற்பது இத்தொழில்களின் முதற்பாடம். ‘நான் பல ஆண்டு பழகியவன், எனக்குக் கையுறை வேண்டா’ என்று கூறுபவன் திறமை உடையவன் அல்லன், தன் நல்வினையால் இதுவரை பிழைத்தவன்.

முதலில் வருவாய் குறைவாகவே இருக்கும். உடன் படித்தவன் தூய உடையோடு கல்லூரிக்குச் செல்ல, தான் எண்ணெய் படிந்த உடையோடு பட்டறைக்குச் செல்வதை எண்ணி இளைஞன் உள்ளம் சோர்வதும் உண்டு. உறவினர் சிலர் ஏளனமாகப் பேசுவர். ஆனால், அவ்வுறவினர் வீட்டில் நள்ளிரவில் மின்சாரம் நின்றுவிட்டால், அவர்கள் தேடிச் செல்வது அவ்விளைஞனையே. எண்ணெய்க் கறை சோப்பினாற் போகும். ஒன்றும் செய்யத் தெரியாமையாகிய கறையை எந்தச் சோப்பும் போக்காது.

ஏமாற்றத்திற்கும் இடம் கொடுத்தல் ஆகாது. ‘மூன்றே மாதத்தில் முழுத் திறமை, வெளிநாட்டில் வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்து பொருள் பறிப்போரும் உளர். ஒரு நிலையத்திற் சேருமுன், அஃது அரசின் ஏற்புப் பெற்றதா, அங்கு வழங்கும் சான்றிதழ் எது, பட்டறையில் பொறிகள் உள்ளனவா, முன்னர்ப் பயின்றவர் எங்கெங்குப் பணி செய்கின்றனர் என்பவற்றை நேரிற் சென்று உசாவுதல் வேண்டும். அரசின் ஏற்பில்லாத தாள், எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், வெறுந் தாளே.

ஏறிச் செல்லும் படிகள்

தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர்ந்தவர்க்கு மேற்கல்வியின் கதவு மூடிவிடுகின்றது என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டா. பத்தாம் வகுப்புக்குப் பின்னர் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி பெற்றவர், பாலிடெக்னிக் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டிற் சேர வழி உண்டு. அங்குப் பட்டயம் பெற்றவர், பொறியியற் கல்லூரியிலும் நேராக இரண்டாம் ஆண்டிற் சேரலாம். கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு மேலே கற்கச் செல்பவர், இடையில் வறுமை வந்து தடுத்தாலும் வீழ்ந்துவிடுவதில்லை. நின்ற படியிலேயே உழைத்து உண்டு, காலம் வாய்த்தபோது மீண்டும் ஏறுவர்.

கற்பிக்கும் விருப்பம் உடையவர் பயிற்றுநர்க்கென அமைந்த பயிற்சியைப் பெற்றுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆசிரியர் ஆகலாம். தனித்து நிற்கும் துணிவு உடையவர், சிலகாலம் பிறரிடம் உழைத்து அனுபவமும் முதலும் சேர்த்துச் சொந்தப் பட்டறை தொடங்கலாம். கோவையிலும், சென்னையிலுள்ள கிண்டி, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைகளிலும், ஒரே ஒரு கடைசல் பொறியோடு தொடங்கிப் பலர்க்கு வேலை தரும் நிலைக்கு உயர்ந்தவர் உளர். பிறரிடம் வேலை கேட்டுச் சென்றவர் பிறர்க்கு வேலை கொடுப்பவராக மாறுதல் எத்துணைப் பெரிய உயர்வு!

பொறிகளில் நாட்டம் இல்லாதவர்க்கும் வழிகள் பல. பத்தாம் வகுப்புத் தகுதியோடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுதி, கிராம நிருவாக அலுவலராகவும் இளநிலை உதவியாளராகவும் பணியில் அமர்வோர் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னர்ச் செவிலியர் பட்டயப் படிப்பைக் கற்று நோயாளர்க்குத் தொண்டு செய்வோரும் உண்டு. வழி எதுவாயினும், முறையாகக் கற்றலும் இடைவிடாது பழகலும் அதற்கு வேண்டும். திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். விடாமுயற்சியைப் போற்றி ஆள்வினையுடைமை என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளுமாறு அவர் கூறவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

தொழிலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம். ‘எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போவது எனக்குத் தெரிவதில்லை?’ என்பது முதல் வினா. அது நாட்டத்தைக் காட்டும். ‘அவ்வேலைக்கு வேண்டிய உடல்நலமும் பொறுமையும் எனக்கு உண்டா?’ என்பது இரண்டாவது. அது தகுதியைக் காட்டும். ‘அவ்வேலை எவர்க்குப் பயன்படும்? எங்கெங்கு வேண்டப்படும்?’ என்பது மூன்றாவது. அது வாழ்வுக்கு வழியைக் காட்டும். மூன்றிற்கும் தெளிந்த விடை கிடைத்துவிட்டால், அயலார் கூறும் புகழும் இகழும் பொருட்படுத்தத் தக்கன அல்ல. விடை கல்லூரியைக் காட்டுமாயின் கல்லூரிக்குச் செல்க. பட்டறையைக் காட்டுமாயின் பட்டறைக்குச் செல்க. இரண்டும் கல்விக்கூடங்களே.

தேர்வு முடிவு வெளிவந்த நாளில், காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்த தாய் ஒருத்தி உண்டு. நிலத்தின் பத்திரத்தைத் தேடிய தந்தை ஒருவர் உண்டு. மகன் பெறும் தாள் ஒன்றே அவர்கள் துயரைத் தீர்க்காது. அவன் பெறும் திறமையே தீர்க்கும். அத்திறமை ஏட்டின் வழியாகவும் வரலாம்; உளியின் வழியாகவும் வரலாம். எவ்வழி வரினும், கற்ற கை வெறுங்கையாக வீடு திரும்புவதில்லை.